ஒரே நாளில் அஞ்சு இடம்: நடுநிலைப் பள்ளிக் களப்பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிப் பக்கம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போடும் களப்பயணத் திட்டத்தாள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: காலை 8 மணிக்குப் புறப்பாடு, கிருஷ்ணாபுரம் கோயில், ஆதிச்சநல்லூர், மதியச் சாப்பாடு, வல்லநாடு வெளிமான் சரணாலயம், கொக்கிரகுளம் அறிவியல் மையம், கடைசியில் "நேரமிருந்தால் ஆற்றில் குளியல்". ஹெச்.எம். மேசையில் வைக்கும்போது பார்க்க நிறைவாக இருக்கும். மறுநாள் பிள்ளைகளிடம் கேட்டால் பஸ்ஸில் போட்ட பாட்டும், யார் வாந்தி எடுத்தார்கள் என்பதும்தான் ஞாபகத்தில் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நிற்க 5 நிமிடம். இரண்டு கழிப்பறை இருந்து, 20 பெண்பிள்ளைகள் ஆளுக்கு 2 நிமிடம் என்றால் 20 நிமிடம். சிதறியவர்களைச் சேர்க்க 5 நிமிடம். திரும்ப ஏற்றி, எண்ணி, விட்டுப்போன தண்ணீர்ப் பாட்டிலை எடுக்க ஓடியவனைக் கூட்டி வர 15 நிமிடம். ஓர் இடத்தில் எதையுமே பார்க்காமல் 45 நிமிடம் போய்விட்டது. அஞ்சு இடத்துக்கு மூன்றே முக்கால் மணி நேரம். திட்டத்தாளில் இந்த நேரத்துக்கு ஒரு வரிகூட இருக்காது. அதனால் சாயங்காலம் எல்லாமே அவசரமாகிறது. ஆபத்தான இடமான ஆறு அந்த அவசரத்தில்தான் வருகிறது: ஆசிரியர்கள் களைத்திருப்பார்கள், வெளிச்சம் குறைந்திருக்கும், பிள்ளைகள் ஆட்டம் போடும் வேகத்தில் இருப்பார்கள்.

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். அதிகம் போனால் இரண்டு, அதுவும் ஒரே சாலையில் இருக்க வேண்டும். கிருஷ்ணாபுரமும் ஆதிச்சநல்லூரும் திருச்செந்தூர் சாலையிலேயே இருப்பதால் அந்த ஜோடி ஒத்துவரும்.

கூந்தன்குளத்துக்குப் பத்தரை மணிக்குப் போவது

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறவர்கள் பள்ளி நேரத்தைப் பிடித்துக்கொண்டு 9 மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்கு மேல்தான் குளக்கரையில் நிற்பார்கள். அதற்குள் வெயில் ஏறி, தண்ணீருக்கு மேலே கானல் ஆடும். பைனாகுலரில் நாரை நெளிநெளியாகத்தான் தெரியும். காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அங்கே இருக்க வேண்டும். அப்படியென்றால் அஞ்சு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் பஸ் நிற்க வேண்டும். பெற்றோர் முணுமுணுப்பார்கள்தான். ஆனால் மதியம் 12 மணிக்கெல்லாம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்கள்.

மாதமும் முக்கியம். காலாண்டு முடிந்த கையோடு அக்டோபரில் போனால் பெரும்பாலும் வெறும் குளம்தான். வடகிழக்குப் பருவமழை பெய்து, மணிமுத்தாறு தண்ணீரும் வந்து குளம் நிறைந்த பிறகுதான் பறவைகள் கூடும். ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தை அப்போது பார்க்கலாம். மழை பொய்த்த வருஷம் என்றால் கிளம்புமுன் அங்கே இருக்கும் வனத்துறை ஆட்களிடம் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே நடக்கும் பெரிய தவறு பி.டி. சாரின் விசில். கூந்தன்குளத்துப் பறவைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில்கூடக் கூடு கட்டுகின்றன. தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அந்தத் தெருவில் நின்று விசில் அடித்து வரிசையாக்கினால் கூட்டிலிருக்கும் தாய்ப்பறவை எழும்பும். அது திரும்பி வரும்வரை குஞ்சு வெயிலில் கிடக்கும், காக்கையும் காத்திருக்கும். கையை உயர்த்தினால் நில், கீழே இறக்கினால் உட்கார் என்று இரண்டு சைகையைப் பள்ளியிலேயே பழக்கிவிடுங்கள்.

பைனாகுலரையும் அப்படித்தான் முன்கூட்டியே பழக்க வேண்டும். முதல்முறை வாங்கிப் பார்க்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் கறுப்பு வளையம்தான் தெரியும். "ஆங், தெரியுது சார்" என்று சொல்லி அடுத்தவனிடம் கொடுத்துவிடும். காரணம் இரண்டு கண்ணாடிக்கும் உள்ள இடைவெளி அந்தப் பிள்ளையின் கண்ணுக்குப் பொருந்தாததுதான். முந்தின நாள் மைதானத்து வேப்பமரத்தைக் குறிவைத்துப் பழக்குங்கள்: முதலில் வெறும் கண்ணால் ஓர் இலையைப் பார், முகத்தை அசைக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டு வா, இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை மடக்கு, பிறகு நடுச்சக்கரத்தைத் திருகு. ஆளுக்கு மூன்று நிமிடம் ஆகும். சூரியன் பக்கம் திருப்பக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். 40 பேருக்கு 4 பைனாகுலர் இருந்தால் போதும். பத்துப் பேர் குழுவில் ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத, மற்றவர்கள் வெறும் கண்ணால் எண்ணலாம். 30 பறவைப் பெயரை எழுதிக்கொண்டு வரச் சொல்வதைவிட ஒரே ஒரு கரண்டிவாயனைப் பத்து நிமிடம் பார்த்து அது அலகை எப்படி ஆட்டி இரை பிடிக்கிறது என்று எழுதச் சொல்வது மேல்.

ஆதிச்சநல்லூரில் ஓட்டுச்சில்லு பொறுக்குவது

பழங்காலத்தில் இறந்தவர்களைத் தாழி என்னும் பெரிய மண்பானையில் வைத்துப் புதைத்த 114 ஏக்கர் பரம்பு (மேட்டு நிலம்) அது. நடந்து போனாலே காலில் பானைச்சில்லு இடறும். ஒரு பிள்ளை எடுத்துப் பையில் போட்டால் பின்னாலேயே பத்துப் பேர் போடுவார்கள். சில ஆசிரியர்களே "பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஆகும்" என்று எடுத்து வருவதுண்டு. சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம். கிடந்த இடத்தை விட்டு எடுத்த சில்லு வெறும் ஓடுதான் என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது அதைவிட முக்கியம். எந்த ஆழத்தில், எந்தத் தாழிக்குப் பக்கத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதை வைத்துத்தான் காலத்தைச் சொல்ல முடியும். சில்லைத் தொடாமல் குனிந்து பார்த்து வரையச் சொல்லுங்கள். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருப்பதைப் பார்த்து "ஏன்?" என்று யாராவது கேட்பார்கள். பானையைக் கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படாத பக்கம் கறுத்து, காற்றுப் பட்ட பக்கம் சிவந்தது என்பதே வழக்கமாகச் சொல்லும் விளக்கம்.

நிழல் குறைந்த இடம் அது. பதினோரு மணிக்குமேல் வெளியில் நிறுத்தாதீர்கள். தாழிகளைக் கிடந்த இடத்திலேயே கண்ணாடித் தளத்தின் வழியே காட்டும் அருங்காட்சியகப் பகுதியை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

பிள்ளைகளை ஆற்றிலோ அருவியிலோ குளிக்க இறக்கவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. "முழங்கால் தண்ணிதானே" என்பார்கள். தாமிரபரணியில் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்காலளவில் நிற்கும் பிள்ளை இரண்டடி தள்ளி வைத்தால் தலை முங்கும். படித்துறைக் கல்லில் பாசி வழுக்கும். பாபநாசத்தில் இன்னொன்றும் உண்டு: பரிகாரம் செய்கிறவர்கள் ஆற்றோடு விட்ட வேட்டியும் சேலையும் பாறை இடுக்கில் சிக்கிக் கிடக்கும்; அது காலைச் சுற்றினால் பெரிய ஆளுக்கே உதறுவது கஷ்டம். தடுப்பணைக்குக் கீழே விழும் தண்ணீர் சுழன்று திரும்ப அணைப்பக்கமே இழுக்கும், அங்கே நீச்சலும் எடுபடாது.

நீச்சல் தெரிந்த பிள்ளைகளைப் பற்றித்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். ஊர்க் கிணற்றிலும் குளத்திலும் பழகியவன் ஓடும் தண்ணீரை அறிய மாட்டான். ஆனால் துணிச்சல் மட்டும் இருக்கும்.

அருவிகளில் ஆபத்து மேலே இருந்து வருகிறது. கீழே நல்ல வெயில் அடிக்கும்போதே மலைமேல் மழை கொட்டியிருக்கலாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. தண்ணீர் கலங்கிச் செந்நிறமானாலும், சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலும், இரைச்சல் மாறினாலும் யாரையும் கேட்காமல் கரையேறிவிட வேண்டும். சாரல் காலத்தில் சும்மா பார்க்கப் போனால்கூட இது தெரிந்திருக்க வேண்டும்.

யாராவது தவறி விழுந்தால் பின்னாலேயே குதிப்பது அடுத்த தவறு. கரையில் படுத்துக்கொண்டு துண்டையோ கயிற்றையோ வீச வேண்டும். ஆற்றங்கரைக்குப் போகிற குழு, 15 மீட்டர் நைலான் கயிற்றின் ஒரு முனையில் மூடி இறுக்கிய காலி 5 லிட்டர் கேனைக் கட்டி எடுத்துக்கொண்டு போகலாம். மிதக்கும், எறிய வாகாக இருக்கும், செலவும் இல்லை.

ஆற்றைப் படிக்க ஆற்றில் இறங்க வேண்டியதில்லை. ஓர் ஆசிரியர் வாளியில் மொண்டு வந்து வெள்ளைத் தட்டில் ஊற்றினால் அதில் நீந்தும் பூச்சிகளைப் பிள்ளைகள் கரையிலேயே உட்கார்ந்து பார்க்கலாம்.

மலைப்பக்கம் போனால்

களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். சோதனைச் சாவடியில் போய் நின்றுகொண்டு அனுமதி கேட்டால் 40 பிள்ளைகளோடு திரும்ப வேண்டியதுதான். பள்ளிக் கடிதத்தை முன்கூட்டியே வனத்துறையில் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் சொரிமுத்து அய்யனார் கோயில் கூட்டத்தால் அந்தப் பாதையே வேறு மாதிரி இருக்கும், அப்போது வேண்டாம். பிளாஸ்டிக் பையைச் சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள். தின்பண்டத்தைத் தூக்குவாளியில் கொண்டு போங்கள். கையில் வாழைப்பழத்தோடு நடக்கும் பிள்ளையைக் குரங்கு விடாது. பிடுங்க வந்தால் பழத்தை விட்டுவிட வேண்டும், இழுத்துப் பிடித்தால்தான் கடிக்கும். காரையாறு பக்கம் போன் எடுக்காது, அதனால் எத்தனை மணிக்குக் கீழே இறங்குவோம் என்பதைப் பள்ளியில் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும்.

சோறும் தண்ணியும்

சொதி, தேங்காய்ச் சட்னி, தேங்காய்ச் சாதம் எதுவும் ஆகாது. தேங்காய் சேர்ந்தது மூடிய டப்பாவில் மதியத்துக்குள் ஊசிவிடும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளியோதரை, பாலை அதிகமாகவும் தயிரைக் கொஞ்சமாகவும் விட்டுப் பிசைந்த சோறு தாங்கும். காலையில் பூரிக்கிழங்கைத் தின்றுவிட்டு மலைவளைவு ஏறினால் பஸ் நாறும். வெறும் வயிறும் அதே வேலையைத்தான் செய்யும். இரண்டு இட்லி போதும். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் கணக்கில் 40 பேருக்கு 60 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. நாலாவதாக ஒன்றைக் கைவசம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

தலை எண்ணுவது

ஆசிரியர் பஸ் நடுவில் நடந்துகொண்டே விரல் நீட்டி எண்ணுவது தப்பும். இடம் மாறும் பிள்ளை இரண்டு முறை எண்ணப்படும், குனிந்து செருப்பு மாட்டுகிறவன் விட்டுப்போவான், 40 வந்துவிடும். ஆளுக்கு ஓர் எண் கொடுத்து அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஓடிவரும் குரல் 17-ல் நின்றால் யார் இல்லை என்பது அந்த நொடியே தெரியும். "அவன் பாத்ரூம் போயிருக்கான் சார்" என்று நண்பன் சொல்வதை ஏற்கக் கூடாது. ஆளை கண்ணால் பார்க்கும்வரை பஸ் அசையக் கூடாது. இரண்டு பஸ் என்றால், வழியில் பஸ் மாறி உட்கார்வதை முழுசாகத் தடை செய்யுங்கள். மாறிய பிள்ளை மற்ற பஸ்ஸில் இருப்பதாக இரண்டு பஸ்காரர்களும் நினைப்பார்கள். கழுத்து அட்டையில் பள்ளிப் பெயரும் ஆசிரியர் போன் எண்ணும் போதும். பிள்ளையின் பெயரைப் பெரிதாக எழுதினால் முன்பின் தெரியாதவர்களும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

பெற்றோர் கடிதத்தில் "சம்மதிக்கிறேன்" என்ற ஒரு வரியோடு நிறுத்தாமல், இழுப்பு (ஆஸ்துமா), வலிப்பு, ஒத்துக்கொள்ளாத மருந்து, இரண்டு போன் எண் ஆகியவற்றைக் கேளுங்கள். இழுப்பு உள்ள பிள்ளையின் இன்ஹேலர் ஆசிரியர் தோள்பையில் இருக்க வேண்டும், பஸ் மேலே கட்டிய மூட்டையில் இருந்தால் உதவாது. ஏழு, எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்காக நாப்கினும் ஒரு மாற்றுப் பாவாடையும் டீச்சர் பையில் இருக்கட்டும். கேட்கக் கூச்சப்படுவார்கள், இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

திரும்பும் வழியில் "எங்க ஊர் விலக்கு இதுதான் சார், இறங்கிக்கிறேன்" என்று ஒருவன் கேட்பான், டிரைவரும் பிரேக்கில் காலை வைத்துவிடுவார். இறக்காதீர்கள். அப்பா பள்ளி வாசலில் காத்துக்கொண்டிருப்பார்; ஊருக்குச் சாலை பிரியும் அந்த விலக்கிலிருந்து இருட்டில் ஒன்றரை கிலோமீட்டர் நடை. வாசலில் கூட்டிப் போகிறவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். கடைசியில் ஆள் வராமல் இரண்டு மூன்று பிள்ளைகள் மிஞ்சுவார்கள். அவர்களோடு யார் இருப்பது என்பதை, எல்லோரும் வீட்டு நினைப்பில் இருக்கும் அந்த நேரத்தில் பேசாமல், காலையில் பஸ் கிளம்பும் முன்பே பேர் சொல்லி முடித்துவிடுங்கள்.