கெல்ப் நிறைந்த தெற்கு ஜார்ஜியாக் குடாவில் நங்கூரம் நிற்காதபோது

தென் அட்லாண்டிக் தீவான தெற்கு ஜார்ஜியாவின் குடாக்களில் நங்கூரம் நழுவினால் முதலில் கெல்ப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். நீளமான இந்தக் கடற்பாசி பாறைத் தரையைப் பற்றி வளரும். நங்கூர முனை அதன் தண்டுக் கற்றையில் மாட்டினால், பிடித்தது போலவே தோன்றும். பலத்த காற்றில் கற்றை வேரோடு பிய்ந்து வரும்.

எங்கள் 12 மீட்டர் படகில் 33 கிலோ நங்கூரம், 10 மி.மீ. சங்கிலி. கெல்ப் மிதக்காத இடம் தேடி, 8 முதல் 12 மீட்டர் ஆழத்தில் இறக்கி, ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது சங்கிலி விடுகிறோம். பிறகு இன்ஜினைப் பின்னோக்கி மெதுவாக ஏற்றிச் சில நிமிடம் இழுக்க வேண்டும். சங்கிலியில் கை வைத்தால் நழுவலின் அதிர்வு தெரியும். அதிர்ந்தால் தூக்கிவிடுங்கள். பந்தாகச் சுற்றிய பாசியை அறுக்க, நீண்ட கம்பில் கட்டிய பல்வைத்த கத்தி போதும்.

மலைச்சரிவிலிருந்து திடீரென விழும் காற்றுக்கு நங்கூரம் மட்டும் போதாது. காற்று வரும் கரைக்குப் படகின் பின்பக்கத்தைத் திருப்பி, இரண்டு மிதக்கும் கயிறுகளை V வடிவில் பாறைகளில் கட்டுவோம். பாறையைச் சுற்றுவது சங்கிலித் துண்டாக இருக்கட்டும். கயிறு ஓரிரவிலேயே தேய்ந்துவிடும். கரையில் சீல்கள் கிடந்தால் (ஃபர் சீல் கடிக்கும்) வேறு பாறை பாருங்கள். காற்று திசை மாறினால் உடனே அவிழ்க்கும்படி கயிற்று நுனிகள் படகில் இருக்க வேண்டும்.