படித்தது தேர்வில் வரவில்லை: நான் சரிசெய்த விதம்

பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் படம் இருக்கிறது என்பதுகூட நினைவிருக்கும். விடைத்தாளில் எழுதத்தான் எதுவும் வராது. பார்த்தால் தெரிகிறது, பார்க்காமல் சொல்ல வரவில்லை. சிக்கல் அங்கேதான்.

சரி, படிக்கும் நேரத்தைக் கூட்டாமல் முறையை மாற்றிப் பார்த்தேன். ஒரு பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் நினைவில் நிற்பதை எல்லாம் எழுதுவேன். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்ப்பேன். ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் ஒளிவினை, கால்வின் சுழற்சி என்ற இரண்டு கட்டங்களும் தானாகவே வந்துவிட்டன. முன்னது பசுங்கணிகத்துக்குள் இருக்கும் தைலகாய்டு சவ்வில், பின்னது அதைச் சுற்றியுள்ள ஸ்ட்ரோமா என்ற திரவத்தில் நடக்கிறது என்பது மட்டும் சிவப்பில். அடுத்த முறை அந்தச் சிவப்பைத்தான் முதலில் பார்ப்பேன். ஆரம்பத்தில் தாள் முழுக்கச் சிவப்பாக இருக்கும். எரிச்சல் வரத்தான் செய்யும்.

ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வும் இந்த முறைக்குத்தான் துணை நிற்கிறது. 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். முந்தின இரவு படித்தது அத்தனையும் தெரிந்த மாதிரி இருப்பது இதனால்தான் போலும்.

அதே தாளை மறுநாள் ஒருமுறை, சில நாள் விட்டு ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். கணக்குக்கும் இதே வழிதான்: தீர்வை மூடிவிட்டு முதல் வரியிலிருந்து போடுவது. போன் மட்டும் அடுத்த அறையில் இருக்க வேண்டும்.