ஞானஸ்நானம் இல்லாமல் இரட்சிப்பு உண்டா: கேட்பவருக்கு விடை சொல்லும் முறை

திருநெல்வேலிச் சீமையில் ஒரே குடும்பத்துக்குள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), பெந்தெகொஸ்தே என்று மூன்று சபையாரும் இருப்பது புதிதல்ல. ஆகவே, வேதபாடம் நடத்தும் உபதேசியாரோ ஞாயிறு பள்ளி ஆசிரியரோ, ஞானஸ்நானம் பெறாதவருக்கு இரட்சிப்பு உண்டா என்ற கேள்வியைச் சந்திக்காமல் இருக்க முடியாது. கேள்வி வந்தவுடன் வசனத்தைத் தேடி வேதத்தைப் புரட்டாமல், கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். குழந்தையாயிருந்தபோது பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று நண்பன் சொல்லக் கேட்டுக் கலங்கிய கல்லூரி மாணவரும், ஞானஸ்நானம் கொடுக்குமுன்பே குழந்தையைப் பறிகொடுத்த தாயும், இயேசுவை விசுவாசித்தும் வீட்டாருக்கு அஞ்சித் தள்ளிப்போடும் இளைஞரும் ஒரே சொற்களில் கேட்கலாம். ஆனால் அவர்களுடைய தேவை ஒன்றல்ல.

அடுத்து, கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானம் கிறிஸ்துவின் கட்டளையா என்பது ஒன்று. அதைப் பெறாமல் இறந்தவரைத் தேவன் இரட்சிக்கவே மாட்டாரா என்பது மற்றொன்று. முதலாவதற்கு, ஞானஸ்நானம் கொடுக்கும்படி இயேசு சீஷர்களுக்குச் சொல்லும் மத்தேயு 28:19 விடை தருகிறது. நம் பக்கத்திலும் இருக்கிற இரட்சணிய சேனை ஞானஸ்நானத்தை அனுசரிப்பதில்லை என்பது போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, ஏறக்குறைய எல்லாச் சபைகளும் அதில் ஒன்றுபடுகின்றன. வாக்குவாதம் முழுவதும் இரண்டாவதைப் பற்றியதுதான்.

வசனங்களை வாசிக்கத் தொடங்கும்போது, உங்கள் சபையின் கொள்கைக்கு இடைஞ்சலாகத் தோன்றுகிறவற்றை முதலில் வாசியுங்கள். ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறக்கவேண்டும் என்று கூறும் யோவான் 3:5, பாவமன்னிப்பையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்தே சொல்லும் அப்போஸ்தலர் 2:38, ஞானஸ்நானம் நம்மை இரட்சிக்கிறது என்றே உரைக்கும் 1 பேதுரு 3:21 ஆகியவற்றின் கூர்மையை மழுங்கடிக்க வேண்டாம். பிறகு, கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிப்பு என்று கூறும் எபேசியர் 2:8-ஐ வாசியுங்கள். விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான் என்னும் மாற்கு 16:16-ஐப் பலரும் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அதன் பிற்பகுதி விசுவாசியாதவனைப் பற்றி மட்டும் பேசுகிறது என்பதையும், மாற்கின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான், சீனாய்க் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்பதையும் சொல்லிவிட்டு, முழுப் பாரத்தையும் அந்த ஒரு வசனத்தின்மேல் ஏற்றாமல் நகர்ந்துவிடுங்கள்.

ஞானஸ்நானம் இல்லாமலே இரட்சிப்பு உண்டு என்பதற்கு, இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளனை எல்லாரும் சான்றாகக் காட்டுவார்கள். ஞானஸ்நானக் கட்டளை பிறப்பதற்கு முன்பே அவன் இறந்துவிட்டான் என்று மறுதரப்பார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் கணிப்பில் இதைவிட உறுதியான சான்று ரோம நூற்றுக்கதிபதியான கொர்நேலியு வீட்டில் நடந்ததே. அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்தில் அங்கே கூடியிருந்தவர்கள்மேல் தண்ணீருக்கு முன்பே பரிசுத்த ஆவியானவர் இறங்கினார். அப்படியிருந்தும், இனித் தண்ணீர் எதற்கு என்று பேதுரு விட்டுவிடாமல், ஞானஸ்நானம் கொடுக்கும்படி கட்டளையிட்டார். இந்த ஒரு பகுதியை நிதானமாக நடத்தினாலே வகுப்பில் பாதிச் சச்சரவு அடங்கிவிடும்.

சபைகளின் நிலையைச் சொல்லும்போது அவரவர் எழுதிவைத்ததையே சொல்லுங்கள். ஆர்.சி. சபையார் ஞானஸ்நானம் இல்லாமல் இரட்சிப்பே இல்லை என்று போதிப்பதாக நம்மவர்கள் சொல்வது அரைகுறைச் செய்தி. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1257ஆம் எண்ணில், கடவுள் இரட்சிப்பை ஞானஸ்நானத்தோடு பிணைத்திருக்கிறார், ஆனால் அவர் தம் அருளடையாளங்களுக்கு (ஞானஸ்நானம் போன்ற திருச்சடங்குகளுக்கு) கட்டுப்பட்டவர் அல்லர் என்று கூறுகிறது. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நிலையில் 392இல் இறந்த பேரரசர் இரண்டாம் வாலண்டினியனுக்காக ஆற்றிய உரையில், அவர் விரும்பிக் கேட்டதைத் தேவன் அவருக்கு அருளியிருப்பார் என்று மிலான் ஆயர் அம்புரோசு ஆறுதல் சொன்னது இந்தப் போதனையின் பழமையைக் காட்டும். சி.எஸ்.ஐ.க்கு மரபாக வந்த ஆங்கிலிக்கன் ஞானோபதேசம் (கேள்வி-பதில் வடிவப் போதனை), ஞானஸ்நானமும் கர்த்தருடைய பந்தியும் பொதுவாக இரட்சிப்புக்கு அவசியமானவை என்கிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை, இரட்சிக்கப்பட்டவர் கீழ்ப்படிதலாகவும் சாட்சியாகவும் மூழ்கி எடுப்பதே ஞானஸ்நானம் என்று போதிக்கின்றன.

விசுவாசமும் ஞானஸ்நானமும் ஒரே நேரத்தில் வராததற்கு உதாரணம் தேடி வெளியூர் போகவேண்டியதில்லை. தஞ்சையிலிருந்து வந்த மராட்டிய பிராமண விதவை ஒருவர், லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு திருமணமின்றி வாழ்ந்தபோது ஞானஸ்நானம் கேட்டார். ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்தபின், 1778இல் பாளையங்கோட்டையில் சுவார்ட்ஸ் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றுக் கிளாரிந்தா ஆனார். 1785இல் அங்கே எழுந்த கோயிலுக்கு அவரே காரணர். கேட்டதற்கும் பெற்றதற்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தில் அவர் இறந்திருந்தால் என்ன சொல்வீர்கள் என்று வகுப்பில் கேளுங்கள். கடற்கரையில் நடந்ததோ இதற்கு எதிர்மாறு: 1530களில் ஞானஸ்நானம் பெற்றுப் போதனையின்றி விடப்பட்டிருந்த பரதவர்களுக்கு, 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார்தான் ஜெபங்களைத் தமிழில் கற்பித்தார். தண்ணீர் முந்தியும் வந்திருக்கிறது, விசுவாசம் முந்தியும் வந்திருக்கிறது.

இனி அந்த மூவருக்கும் வருவோம். மாணவரிடம், அவர் பெற்ற ஞானஸ்நானத்தைச் சி.எஸ்.ஐ.யோ ஆர்.சி.யோ மறுபடி கொடுக்காது என்பதையும், தம் வாயாலே விசுவாசத்தை அறிக்கையிடத் திடப்படுத்தல் ஆராதனை இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். தாமிரபரணியில் மூழ்கி எடுக்கத் தீர்மானித்துவிட்டார் என்றால் அவரோடு சண்டையிட வேண்டாம். ஆனால் தம் பெற்றோர் செய்தது வீண் என்று அவர் பேசுவதை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். தாயிடம் வசனங்களை அடுக்காதீர்கள். மறைக்கல்வியே அப்படிப்பட்ட குழந்தைகளைத் தேவனுடைய இரக்கத்தில் ஒப்படைக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, உடன் அமர்ந்திருங்கள்.

தள்ளிப்போடும் இளைஞரிடம்தான் அதிகப் பொறுமை வேண்டும். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராயிருந்தால் அச்சம் வீட்டாரைப் பற்றியது மட்டுமல்ல. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையும் அதன் திருத்தங்களும் இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தாரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கின்றன. தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக மாறியவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். இந்த இழப்பை மறைத்து அவரை அவசரப்படுத்துவது நேர்மையன்று. அதே வேளையில், முடியாதவருக்கு உள்ள ஆறுதலை, முடிந்தும் மறுக்கிறவருக்குச் சாக்காகக் கொடுக்கவும் கூடாது. விலையைச் சொல்லுங்கள், காத்திருங்கள், தீர்மானம் அவருடையதாக இருக்கட்டும்.

மரணப் படுக்கையில் ஒருவர் ஞானஸ்நானம் கேட்டால் விவாதத்துக்கு நேரமில்லை. சேகரத்து ஐயருக்கு (சபைப் போதகருக்கு) உடனே சொல்லி அனுப்புங்கள். ஆர்.சி. முறைப்படி, குருவானவர் வருவதற்குள் உயிர் பிரிந்துவிடும் என்றால், தகுந்த எண்ணத்தோடு யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொடுத்தவருடைய பெயர், நாள், சாட்சிகள் ஆகியவற்றை எழுதிப் பங்குக் குருவிடம் சேர்த்துவிடுங்கள். நோயாளி பிழைத்தெழுந்தால், அந்தப் பதிவு இருக்கும்வரை மீண்டும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டியதில்லை.