தூக்க நோய் ஒட்டுண்ணியின் கொழுப்பு நங்கூரம்: படிக்கும்போது எங்கே தவறுகிறோம்?

ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமா புரூசி, மலேரியா ஒட்டுண்ணியைப் போல சிவப்பணுவுக்குள் ஒளிந்துகொள்வதில்லை. ரத்தத்தில் வெட்டவெளியிலேயே நீந்தித் திரிகிறது. அதைக் காப்பது ஒரு போர்வை. விஎஸ்ஜி என்ற புரதத்தின் சுமார் 1 கோடி பிரதிகள் அதன் மேற்பரப்பு முழுக்க நெருக்கியடித்து நிற்கின்றன. அத்தனை பிரதிகளையும் சவ்வில் பிடித்து வைப்பது ஜிபிஐ எனப்படும், சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த நங்கூரம். ஜிபிஐ நங்கூரங்களில் முதன்முதலாக முழு அமைப்பும் கண்டறியப்பட்டது இந்த விஎஸ்ஜியில்தான், 1988-இல்.

இதைப் படிப்பவர்களை அதிகம் குழப்புவது மிரிஸ்டிக் அமிலம். ஜாதிக்காய் மரத்தின் தாவரவியல் பெயரிலிருந்து பெயர் பெற்ற, 14 கார்பன் கொண்ட கொழுப்பமிலம் இது. ஒட்டுண்ணியில் இது இரண்டு வேலைகளுக்குப் போகிறது. ஒன்று, செல்லுக்குள் இருக்கும் சில புரதங்களின் தலைப்பக்கத்தில் உள்ள கிளைசின் என்ற அமினோ அமிலத்தில் நேராக ஒட்டுவது. மற்றொன்று ஜிபிஐ. இங்கே மிரிஸ்டிக் அமிலம் புரதத்தைத் தொடுவதே இல்லை. அது நங்கூரத்தின் கொழுப்புப் பகுதியில் உள்ள கிளிசராலில் எஸ்டர் பிணைப்பில் இருக்கிறது. புரதத்தின் வால்முனை நங்கூரத்தின் மறுமுனையில் உள்ள எத்தனாலமைன் என்ற சிறு மூலக்கூறோடு இணைகிறது. இடையே சர்க்கரைகள் வரிசையாக நிற்கின்றன. கதிரியக்க மிரிஸ்டிக் அமிலம் ஒரு புரதத்தில் ஏறிவிட்டது என்பதை மட்டும் வைத்து ஜிபிஐ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மென்மையான காரத்தில் வைத்துப் பாருங்கள்: எஸ்டர் பிணைப்பு அறுந்துவிடும், கிளைசினோடு உள்ள அமைடு பிணைப்பு நிலைக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஜிபிஐயை வெட்டும் பாஸ்போலிபேஸ் நொதியைப் போட்டும் புரதம் விடுபடவில்லை, அதனால் அங்கே ஜிபிஐ இல்லை என்று எழுதிவிடுவார்கள். நோயைப் பரப்பும் செட்சீ ஈயின் குடலில் வாழும் பருவத்தில் இதே ஒட்டுண்ணி விஎஸ்ஜியை விட்டுவிட்டு புரோசைக்ளின் என்ற புரதத்தைப் போர்த்திக்கொள்கிறது. அதன் நங்கூரத்தில் இனோசிட்டால் என்ற வளைய வடிவப் பகுதியின் மேல் கூடுதலாக ஒரு கொழுப்பமிலம் உட்கார்ந்திருப்பதால் அந்த நொதியால் வெட்ட முடியாது. நங்கூரம் இருக்கத்தான் செய்கிறது.

புரதம் முதலில் வந்து, அதன் மேல் நங்கூரம் துண்டு துண்டாகக் கட்டப்படுகிறது என்று நினைப்பதும் சரியல்ல. எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வில் நங்கூரம் தனியாக முழுசாகத் தயாராகிறது. பாஸ்பாட்டிடில் இனோசிட்டாலில் குளுக்கோசமைன், அப்புறம் மூன்று மேனோஸ், கடைசியில் எத்தனாலமைன் பாஸ்பேட். புரதத்தின் வால்முனையில் உள்ள சிறு துண்டை வெட்டி, அந்த இடத்தில் தயார் நங்கூரத்தை ஒரே அடியில் மாட்டிவிடுகிறது டிரான்ஸ்அமிடேஸ் என்ற நொதி.

இப்போது என் பார்வையில் மிகப் பெரிய தவறு. ஜிபிஐ ஒட்டுண்ணிக்கே உரிய பொருள் அல்ல. நம் செல்களிலும் இருக்கிறது. மையச் சர்க்கரை வரிசையும் ஒன்றுதான். அதைப் பார்த்துவிட்டு 'இரண்டும் ஒரே பாதை, இங்கே மருந்துக்கு இடமில்லை' என்று பலர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். வரிசையைக் கவனியுங்கள். மனித செல்லில் இனோசிட்டால் மேல் கொழுப்பமிலம் ஏறிய பிறகுதான் முதல் மேனோஸ் சேரும். டிரிப்பனோசோமில் முதல் மேனோஸ் சேர்ந்த பிறகே அந்தக் கொழுப்பமிலம் ஏறும். பிஎம்எஸ்எஃப் என்ற வேதிப்பொருள் ரத்தப் பருவ ஒட்டுண்ணியில் இந்தப் படியைத் தடுக்கிறது, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனித ஹீலா செல்களில் தடுப்பதில்லை. அது மருந்தாகக் கூடிய பொருள் அல்ல, ஆனால் இந்தப் படியைச் செய்யும் நம் நொதியும் ஒட்டுண்ணியின் நொதியும் ஒன்றல்ல என்பதை அது காட்டிவிட்டது. கொழுப்பமிலங்களை மாற்றி அமைக்கும் வேலையும் நம்மிடம் புரதம் மாட்டிய பிறகு, பெரும்பாலும் கோல்கை என்ற செல் உறுப்பில் நடக்கிறது. ஒட்டுண்ணியில் அது புரதம் வருவதற்கு முன்பே முடிந்துவிடும்: பழைய கொழுப்பமிலங்கள் இரண்டும் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டு, இரண்டு இடத்திலும் மிரிஸ்டிக் அமிலம் ஏறுகிறது.

சரி, அவ்வளவு மிரிஸ்டிக் அமிலம் எங்கிருந்து வருகிறது? முழுக்க நம் ரத்தத்திலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது என்பது எளிதான பதில். ஆனால் ரத்தத்தில் அது மிகக் குறைவு. ஒட்டுண்ணி கிடைப்பதை எடுத்துக்கொண்டு, மீதியைத் தானே செய்கிறது, அதுவும் பாடப்புத்தக வழியில் அல்லாமல். மற்ற உயிரினங்களில் எலாங்கேஸ் நொதிகள் ஏற்கெனவே உள்ள நீண்ட கொழுப்பமிலத்தை இன்னும் நீட்டத்தான் பயன்படுகின்றன. இங்கே 4 கார்பனில் தொடங்கி முதல் நொதி 10 வரை நீட்ட, இரண்டாவது அங்கிருந்து 14-க்குக் கொண்டுபோகிறது. மூன்றாவது 18 வரை போகக் கூடியது. 2006-இல் இது வெளியானது. அதற்கு முன் எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்தால் இந்த இடத்தில் கவனம் தேவை.

ஜிபிஐ என்றாலே அதன் நுனியில் புரதம் இருக்கும் என்று எழுதாதீர்கள். டிரிப்பனோசோமின் உறவுக்கார ஒட்டுண்ணியான லீஷ்மேனியாவின் மேற்பரப்பில் புரதமே இல்லாத ஜிபிஐ கொழுப்புகள் ஏராளமாக இருக்கின்றன.

கடைசியாக, 'ஜிபிஐயை நிறுத்தினால் ஒட்டுண்ணி செத்துவிடும்' என்ற வாக்கியம். எந்தப் பருவம் என்று சொல்லாவிட்டால் அது பாதி உண்மைதான். ரத்தப் பருவத்தில் நங்கூரம் செய்ய முடியாமல் போனால் டிரிப்பனோசோமா புரூசி பிழைப்பதில்லை. ஈயின் குடல் பருவத்தை ஆய்வகத்தில் வளர்த்தால் நங்கூரம் இல்லாமலும் அது பெருகும். ஆனால் உயிருள்ள செட்சீ ஈக்குள் விட்டால் குடலில் சரியாக நிலைகொள்ளத் தடுமாறுகிறது.