எறியும் தூரம் 75 மீட்டருக்குள்ளா? டிரைவரைப் பையிலேயே வையுங்கள்

டிஸ்க் கோல்ஃபில் (டிஸ்க் எனும் தட்டை எறிந்து கூடையில் போடும் ஆட்டம்) உங்கள் வழக்கமான எறி 75 மீட்டரைத் (சுமார் 250 அடி) தாண்டவில்லை என்றால், வேக எண் 11, 12 என்று அச்சிட்ட டிஸ்டன்ஸ் டிரைவரை (நெடுந்தூர எறிக்கான டிஸ்க்) விட்டுவிட்டு 5 முதல் 7 வரை உள்ள டிஸ்க்கை எறியுங்கள். பெரும்பாலும் அதுதான் கூடுதல் தூரம் போகும், நேராகவும் போகும்.

அந்த வேக எண், டிஸ்க் தானாகப் பறக்கும் வேகம் அல்ல. அது சரியாகப் பறக்க உங்கள் கை கொடுக்க வேண்டிய வேகம். அது கிடைக்காவிட்டால், அகல விளிம்புள்ள டிரைவர் பாதி வழியிலேயே பக்கவாட்டில் வளைந்து விழும். வலக்கைக்காரர் பேக்ஹேண்டில் (கையை உடலுக்குக் குறுக்கே இழுத்து) எறிந்தால் இடப்பக்கம் விழும்.

உங்கள் தூரத்தை அளக்க, காற்றில்லாத சமதளத்தில் ஒரே டிஸ்க்கைப் பத்து முறை எறிந்து, ஒவ்வொரு முறையும் காலடியால் எண்ணுங்கள். மிக நீண்ட இரண்டையும் மிகக் குட்டையான இரண்டையும் கழித்துவிட்டு, மிச்சம் ஆறின் சராசரியை எடுங்கள். எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரே ஒரு நல்ல எறியைத்தான், அது கணக்கில் வராது. புதியவர்களுக்கு 45 முதல் 60 மீட்டர், தொடர்ந்து ஆடுபவர்களுக்கு 75 முதல் 100 மீட்டர் சாதாரணம். தொழில்முறை ஆட்டக்காரர்கள் 120 மீட்டரைச் சுலபமாகத் தாண்டுவார்கள். 2016இல் அமெரிக்க ஆட்டக்காரர் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் எறிந்த 338 மீட்டருக்குப் பலத்த பாலைவனக் காற்றும் துணை நின்றது!

பலமான எதிர்க்காற்றிலும், மரத்தைச் சுற்றி வளைத்துப் போட வேண்டிய இடத்திலும் டிரைவரைத் தவிர்க்கும் இந்த யோசனை பொருந்தாது. அங்கே டிரைவரின் அந்த வளைவுதான் வேண்டும்.