சபையில் உதவிக் குழு ஆரம்பிக்கும் முன் உதவி தேவைப்படுகிற வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள்

தூத்துக்குடி பக்கம் ஒரு சின்ன சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. வாலிபர் சங்கத்தில் இருந்தும் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருந்தும் ஏழு பேர் சேர்ந்து உதவிக் குழு நடத்துகிறோம். பக்கத்துச் சேகரங்களில் (ஒரு குருவின் கீழ் உள்ள சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம்) "எங்க சபையிலயும் ஆரம்பிக்கணும், எப்படிச் செய்றீங்க" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாரும் கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் அரிசிப் பை கொடுப்பதில்தான் ஆரம்பிப்போம், நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். ஒரு வருஷம் தனியாக இருக்கும் ஒரு ஆச்சி வீட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனோம். சுவரோரமாக ஏற்கெனவே நான்கு பைகள் இருந்தன, நான்கு சபைகளின் பெயர் அச்சடித்தவை, ஒன்றில் வண்டு விழுந்து தரையெல்லாம் மாவு உதிர்ந்து கிடந்தது. ஆச்சி எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, "அரிசி கெடக்குய்யா, ரேசன்லயும் தாராவ. சீனி வியாதி மாத்திரதான் தீந்து பதினஞ்சு நாளாவுது, கூட்டிட்டுப் போவ ஆளில்ல" என்றார்கள். அன்றைக்கு நாங்கள் கொண்டு போனது ஐந்தாவது பை.

முதல் வேலை, அரிசி வாங்குவதை நிறுத்திவிட்டு வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்காரர்களுக்கு 2011 ஜூனில் இருந்து ரேஷன் அரிசி இலவசம், துவரம் பருப்பும் பாமாயிலும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் கஷ்டப்படுகிற வீட்டில் எது இல்லை என்பது போய் உட்கார்ந்தால்தான் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு டயப்பர், கேஸ் சிலிண்டருக்குப் பணம், உடைந்த மூக்குக் கண்ணாடி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு துணை, இப்படித்தான் வரும். இதில் பாதிக்குப் பணமே வேண்டாம், ஒரு ஆளின் அரை நாள் போதும்.

எப்போதும் இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டில் ஆண் துணை இல்லாத கஷ்டத்தை ஆண்களிடம் சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள், நம்மைப் பார்த்ததும் இருக்கிறதைப் போட்டுத் தந்துவிட்டு அவர்கள் பட்டினி கிடப்பார்கள். உப்பளத்துக்குப் போகிற வீடு என்றால் விடிவதற்கு முன்னாலேயே வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள், மதியம் தூங்குகிற நேரத்தில் கதவைத் தட்டக் கூடாது, நாலு மணிக்கு மேல் போங்கள். உட்கார்ந்து பேசும்போது நோட்டைத் திறக்காதீர்கள், வெளியே வந்து தெருமுனையில் நின்று எழுதிக்கொள்ளலாம்.

அடுத்தது, அரசாங்கம் கொடுக்கிறதை வாங்கிக் கொடுப்பது. என்னைக் கேட்டால் சபை செய்யக்கூடிய உதவிகளிலேயே பெரியது இதுதான். நாம் வருஷத்துக்கு ஒரு தடவை ஐந்நூறு ரூபாய்ப் பை கொடுக்கிறோம், முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் இருந்து மாதம் 1,200 ரூபாய், கணக்குப் போட்டுப் பாருங்கள். இ-சேவை மையத்தில் பதிய ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் பாஸ்புக், போட்டோ வேண்டும். ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்புக்கில் ஒரு எழுத்து என்று பெயர் மாறியிருக்கும், வயதானவர்களின் மனு பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். அதைத் திருத்த இரண்டு மூன்று தடவை அலைய வேண்டும், கூடவே போகிற ஆள் இல்லாததால்தான் பலருக்கு வராமலே போகிறது. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். அந்த அட்டையை நெஞ்சுவலி வந்த ராத்திரியில் தேடக் கூடாது.

ஆச்சியின் மாத்திரைக்கும் வழி அப்படித்தான் கிடைத்தது. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். ஊர்ச் சுகாதார செவிலியரைப் பார்த்து ஆச்சி பெயரைச் சொன்னோம், அவ்வளவுதான். எங்களுக்குச் செலவு ஒன்றும் இல்லை, அத்தனை வருஷம் அரிசிப் பைக்குச் செலவழித்தோமே என்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

எப்போது கொடுப்பது என்பதையும் யோசியுங்கள். உப்பளத்தில் மழை தொடங்கினால் வேலை நின்றுவிடும், அக்டோபர் நவம்பரிலேயே கை காய்ந்துவிடும், நாம் டிசம்பர் 24ஆம் தேதி பையோடு போய் நிற்போம், அதற்குள் கம்மல் அடகுக்குப் போயிருக்கும். நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, அது முடிகிற நேரமும் பள்ளிக்கூடம் திறக்கிற நேரமும் ஒன்றாக வரும். அதனால் எங்கள் குழு இப்போது நவம்பர் முதல் வாரமும் ஜூன் முதல் வாரமும் கொடுக்கிறது. கிறிஸ்மஸுக்குக் கேக் மட்டும்தான், அது சபையில் எல்லாருக்கும் ஒரே மாதிரி.

பணத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்துச் சபைகளில் பிடியரிசி பழைய வழக்கம், உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பது. அதை விட்டுவிடாதீர்கள். அறுபது வீட்டில் மாதம் ஒன்றரைக் கிலோ வந்தால் தொண்ணூறு கிலோ. ஆனால் ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் இட்லி அரிசி, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி என்று கலந்து வரும், சோறாக்கினால் ஒன்று குழையும் ஒன்று வேகாது, அதை ஏழை வீட்டுக்குக் கொடுப்பது மரியாதை இல்லை. ஆராதனை முடிந்ததும் ஏலம் விட்டுப் பணமாக்குங்கள், கோழி வளர்க்கிறவர்களே நல்ல விலைக்கு எடுப்பார்கள். ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை விடும் ஏலத்தில் ஒரு பங்கை உதவிக்கென்று ஒதுக்க சேகரக் குருவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஐம்பதோ நூறோ, மாதாமாதம் தருகிறவர்கள்தான் குழுவைத் தாங்குவார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்க்காரர் அனுப்புகிறேன் என்றால் அவருடைய பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேளுங்கள். இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால் ஆகும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு இல்லாமல் அதை வாங்கக் கூடாது.

வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், அந்த இரண்டு பேரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. மாதக் கணக்கைச் சபையில் வாசியுங்கள், தொகையை மட்டும், பெயரை வாசிக்காதீர்கள். எங்கள் நோட்டில் வீடுகளுக்கு நம்பர்தான், எந்த நம்பர் யார் என்பது குழுவில் இரண்டு பேருக்குத் தெரியும். சொந்தக்காரர்களுக்கே கொடுக்கிறார்கள் என்ற முறுமுறுப்பு கட்டாயம் வரும், பயப்பட வேண்டாம். பந்தி விசாரிப்பில், அதாவது சாப்பாடு பங்கிடுவதில், எங்கள் விதவைகளை விட்டுவிட்டார்கள் என்று எருசலேம் சபையிலேயே முறுமுறுப்பு எழும்பியது, வேதத்தில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் ஏழு பேரைத் தெரிந்தெடுத்ததே அதற்காகத்தான். யாருடைய உறவினர் பெயர் வந்தாலும் அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும், மற்றவர்கள் முடிவு செய்யட்டும்.

போட்டோ எடுக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் நோட்டு, பை கொடுத்ததை வரிசையாக நிற்க வைத்து எடுத்து சபை வாட்ஸ்அப்பில் போட்டோம். அதில் இருந்த ஒரு பிள்ளையை வகுப்பில் "ஓசிப் பை" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அப்புறம் பழைய பையைத் தைத்துத் தைத்து எடுத்துப் போனாள், அவள் அம்மா மூன்று மாதம் கோயிலுக்கு வரவில்லை. நாங்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். இப்போது பள்ளிச் சாமான்களுக்குக் கடையிலேயே சொல்லி வைத்துவிடுகிறோம், பிள்ளை அம்மாவோடு போய்ப் பிடித்த நிறத்தில் எடுத்துக்கொள்ளும், பில் எங்களுக்கு வரும்.

சபைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கும் கொடுங்கள், பாதியாவது. அங்கே பைக்குள் சுவிசேஷக் கைப்பிரதி வைக்க வேண்டாம், ஜெபம் பண்ணட்டுமா என்று நாமாகக் கேட்கவும் வேண்டாம். அவர்களாகக் கேட்டால் பண்ணுங்கள். வாங்குகிற கை மறுக்க முடியாத நேரத்தில் கேட்கிற கேள்வி நியாயமானது இல்லை என்பது என் எண்ணம்.

வெள்ளம் வந்தால் இந்த நோட்டுத்தான் முதலில் கைக்கு வர வேண்டும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது எங்கே படுத்த படுக்கையில் ஆள் இருக்கிறார், எங்கே நிறைமாதக்காரி இருக்கிறாள் என்று தெரிந்து வைத்திருந்தவர்கள்தான் நேரே அந்த வீட்டுக்குப் போனார்கள். வெளியூரில் இருந்து பழைய சேலைகள் மூட்டை மூட்டையாக வந்தன, கேட்டது குடிதண்ணீர், நாப்கின், மெழுகுவர்த்தி, புது உள்ளாடை, நைட்டி, லுங்கி. நோட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரணில் வையுங்கள், அதன் ஒரு பிரதி வேறொரு வீட்டில், கொஞ்சம் மேடான தெருவில் இருக்கட்டும்.