காலில் நரம்பு சுருண்டால் சிங்கப்பூரில் எந்த டாக்டரிடம் போவது?

சமையல்கூடம், பாதுகாவல், தாதிமை, கடை கவுண்டர் என்று நாள் முழுக்க நின்றே செய்கிற வேலைக்கு வந்தவர்களில் பலருக்குக் கெண்டைக்காலில் நரம்பு (நரம்பு என்று நாம் சொன்னாலும் அது ரத்தநாளம்தான், டாக்டர்கள் 'வெரிகோஸ் வெய்ன்' என்பார்கள்) சுருண்டு பச்சையாகப் புடைத்து நிற்கும். சாயங்காலம் ஆனால் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும், ராத்திரியில் கெண்டை ஏறும். ஊரில் என்றால் தெரிந்த டாக்டர் ஒருவர் இருப்பார். இங்கே வந்த புதிதில் 'வலியில்லாத லேசர், அன்றே வீட்டுக்குப் போகலாம்' என்ற விளம்பரம்தான் முதலில் கண்ணில் படும். அது பொய்யும் இல்லை. இந்தச் சிகிச்சைகளில் பெரும்பாலானவற்றை மரத்துப்போக ஊசி போட்டுச் செய்து, அன்றே அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் உங்கள் காலுக்கு அது வேண்டுமா, செய்யப்போகிறவர் யார் என்பதை விளம்பரம் சொல்லாது.

மற்றதைப் படிக்குமுன் ஒன்று. ஒரே கால் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் அது ஆழமான ரத்தநாளத்தில் கட்டிய ரத்தமாக இருக்கலாம். எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள், யாரையும் உருவவும் விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் 995-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள்.

அவசரம் இல்லை என்றால், டாக்டரைத் தேடுமுன் கையில் இருக்கும் பாஸைப் பாருங்கள். இங்கே வைத்தியத்தின் பாதை அங்கேதான் பிரிகிறது. குடிமக்களும் பிஆர்களும் (நிரந்தரவாசிகள்) பாலிகிளினிக் என்கிற அரசாங்க மருந்தகத்தில் காட்டி, அங்கிருந்து கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் மானியம் கிடைக்கும். சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டிவரும், ஆனால் பில்லில் வித்தியாசம் பெரிது. மருத்துவத் தேவை இருந்தால் மெடிசேவ் என்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தும் எடுக்கலாம். அழகுக்காக என்றால் முடியாது. வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். மருத்துவமனையில் தங்கிப் பார்ப்பதும் பகல்நேர அறுவையும் அதில் சேரும். 2023 ஜூலையிலிருந்து அந்தக் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. இபி (எம்ப்ளாய்மென்ட் பாஸ்) வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, கம்பெனி கொடுப்பதுதான். எந்தப் பாஸாக இருந்தாலும் எச்ஆரிடம் வாயால் கேட்டு நிறுத்தாமல், காப்புறுதி நிறுவனத்தின் முன் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். 'கவர் ஆகும்னுதான் நினைக்கிறேன்' என்கிற பதிலை நம்பிப் படுக்கையில் ஏற வேண்டாம்.

இனி டாக்டர். சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் படிப்பு, பதிவு வகை, எந்தத் துறையில் நிபுணர் என்பதெல்லாம் வந்துவிடும். பெயருக்குப் பின்னால் எட்டுப் பட்டம் இருக்கலாம். நிபுணர் பதிவேட்டில் இல்லாதவர் தன்னை நிபுணர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ரத்தநாள அறுவை செய்கிறவர்களில் பலர் அதில் 'பொது அறுவை சிகிச்சை' என்ற துறையின் கீழ் இருப்பார்கள், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். அதற்கு மேல் ரத்தநாளத்தில் தனிப்பயிற்சி எங்கே எடுத்தார், இந்த வேலையை எவ்வளவு அடிக்கடி செய்கிறார் என்று நேரிலேயே கேளுங்கள். டாக்டரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்திருப்பார்கள். இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஊட்ரமில் இருக்கும் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, நொவீனாவின் டான் டொக் செங், ஈசூனின் கூ டெக் புவாட் போன்ற அரசாங்க மருத்துவமனைகளிலேயே இதற்கான ரத்தநாள மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், நல்ல டாக்டரை ஸ்கேன் அறையில்தான் அடையாளம் காண முடியும். காலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு லேசருக்குத் தேதி கொடுப்பவரிடம் நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள். ரத்த ஓட்டத்தைத் திரையில் காட்டும் டூப்ளெக்ஸ் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இல்லாமல் முடிவெடுக்கக் கூடாது. அதை ஒழுங்காகச் செய்தால் உங்களை நிற்க வைத்துத்தான் பார்ப்பார்கள். குளிர்ந்த களிம்பைத் தொடையிலிருந்து தடவிக்கொண்டே வந்து, கெண்டையைக் கையால் ஒரு அமுக்கு அமுக்கி விடுவார்கள். ரத்தம் மேலே ஏறுவது திரையில் ஒரு நிறம். விட்டதும் வால்வு மூடாமல் கீழே திரும்பி வடிந்தால் இன்னொரு நிறம். தோலுக்கு அடியிலேயே ஓடும் மேல்நாளங்களில் அந்தத் திரும்பு ஓட்டம் அரை நொடிக்கு மேல் நீடித்தால் வால்வு பழுது என்று கணக்கு. எந்த நாளத்தில், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும். ஆழமான நாளங்களையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். சிலந்திவலை மாதிரி தோலில் ஓடும் சிவப்பு, நீலக் கோடுகள் மட்டும்தான் என்றால் பெரும்பாலும் அழகுப் பிரச்சினை, அதற்குக் காப்புறுதிக்காரர்கள் காசு தருவது அபூர்வம்.

பழுதான நாளத்தை அடைக்கவோ எடுக்கவோ வழிகள் பல: லேசர், ரேடியோ அலைச் சூடு, பசை, நுரை ஊசி, பழைய முறையில் நாளத்தை உருவி எடுப்பது. சூடு வைக்கும் முறைகளில் தொடை நெடுகப் பல ஊசி போடுவார்கள். பசையில் அந்த ஊசிகள் இல்லை, ஆனால் சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும் ஒவ்வாமை வரும். எல்லாருக்கும் ஒரே முறையைச் சொல்கிறவரிடம், மற்றது ஏன் எனக்கு ஒத்துவராது என்று கேளுங்கள். இரண்டு காலையும் ஒன்றாகச் செய்யலாம் என்றால் இரண்டு காலின் அறிக்கையையும் கேளுங்கள். கட்டணத்தை டாக்டர், அறை, கருவி, மறுபார்வை என்று பிரித்து எழுதி வாங்கி, சுகாதார அமைச்சு தன் இணையத்தளத்தில் போட்டிருக்கும் கட்டண வரம்புகளோடு ஒப்பிடுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் கால் நாளங்களை அமுக்கிப் பிடிக்க டாக்டர் மாட்டச் சொல்லும் இறுக்கக் காலுறையை மாட்டுவதற்கு முன் பாதத்துக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்த்துவிடச் சொல்ல வேண்டும். (இந்த ஊர்ப் புழுக்கத்தில் அந்தக் காலுறையைப் போட்டுக்கொண்டு பேருந்துக்கு நிற்பது தனிக் கதை.)

லீவில் போகும்போது திருச்சியிலோ மதுரையிலோ முடித்துவிட்டு வந்தால் மலிவு என்ற யோசனை எல்லாருக்கும் வரும். தப்பில்லை, அங்கேயும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் செய்த கையோடு நாலு மணி நேரம் விமானத்தில் காலை மடக்கி உட்கார்ந்தால் ரத்தம் கட்டும் அபாயம் கூடும். எத்தனை நாள் கழித்துப் பறக்கலாம் என்று செய்கிறவரிடமே கேட்டு, மறு ஸ்கேனும் முடியும்படி லீவைப் போடுங்கள். எந்த நாளம், எந்த முறை என்று எழுதிய அறுவைக் குறிப்பையும் ஸ்கேன் படங்களையும் வாங்கி வாருங்கள். அது இல்லாமல் இங்கே வந்து கால் வீங்கினால், இங்குள்ள டாக்டர் முதல் ஸ்கேனிலிருந்து ஆரம்பிப்பார், அந்தப் பில் உங்கள் கையில்தான் வரும்.